‘வேரோடு’ என்று எழுதுங்கள்

போன மாதம் கண்மாய் மடைகளைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மடையை விட்டுவிட்டு முள்ளைப் பற்றிக் கேட்கின்றன. வானம் பார்த்த பூமியில் கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் முதலில் கண்ணில் படுவது சீமைக் கருவேலம்தான், அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. முப்பத்தோரு ஆண்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் வேலை பார்த்து, துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். அந்த மேசையில் இருந்து பார்த்ததையும் கண்மாய்க்குள் இறங்கிப் பார்த்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊராட்சிக் கண்மாயில் மூன்று வருடத்துக்கு ஒரு முறை சீமைக் கருவேலத்தை ஏலம் விடுகிறார்கள். வெட்டிய தடம் தெரியாமல் மறுபடியும் காடாகிவிடுகிறது. இதைத் தடுக்க ஊராட்சிக்கு அதிகாரம் இல்லையா?
– வாசகர், திருச்சுழி வட்டாரம்

இருக்கிறது. ஏல அறிவிப்பை எழுதும் பேனா ஊராட்சியின் கையில் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதைவிடப் பெரிய அதிகாரம் தேவையில்லை.

எனக்கு இது புரிந்த கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஊராட்சியின் ஏல அறிவிப்பு என் மேசைக்கு வந்தது. ‘மேற்படி கண்மாயில் உள்ள சீமைக் கருவேல மரங்களை வெட்டி எடுத்துக்கொள்ளும் உரிமை’ என்று எழுதியிருந்தார்கள். படித்துப் பார்த்துச் சரி என்று அனுப்பிவைத்தேன். ஏலம் எடுத்தவர் தாளில் உள்ளபடியே செய்தார். கணுக்கால் உயரத்தில் வெட்டினார், லாரியில் ஏற்றினார், போய்விட்டார். புரட்டாசியில் இரண்டு நல்ல மழை. ஐப்பசியில் அந்தப் பக்கம் போனபோது கண்மாய்க்குள் இறங்கி ஒரு தூரின், அதாவது வெட்டிய மரத்தின் அடிக்கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். பதினேழு தளிர். முன்பு ஒற்றைத் தண்டாக நின்ற மரம் இப்போது புதர். தூரைச் சுற்றி மண்ணை விரலால் விலக்கினால், வெட்டுவாய்க்குக் கீழே ஒரு சாண் ஆழத்துக்கு மொட்டு மொட்டாகப் புடைத்துக்கொண்டிருந்தது. அரிவாள் அந்த இடத்தைத் தொடவே இல்லை. தப்பு அந்தத் தாளில் இருந்தது, அதைப் பார்த்து அனுப்பியவன் நான். இன்றைக்கும் அந்தக் கண்மாய் வழியாகப் பேருந்தில் போனால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சீமைக் கருவேலத்தின் உயிர், தரைக்கு மேலே தெரியும் மரத்தில் இல்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் மறுதுளிர்ப்புக்கான மொட்டுகள் இருக்கின்றன. தரைமட்டத்துக்குக் கீழே ஓர் அடிக்கு மேல் தோண்டி, அந்தக் கழுத்துக்குக் கீழே ஆணிவேரை அறுத்துவிட்டால் மிச்ச வேர் எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் அது துளிர்க்காது. ஆகவே ஏல நிபந்தனையில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘மரங்களைத் தூரோடு, தரைமட்டத்துக்குக் கீழ் ஒன்றரை அடி ஆழம்வரை வேர் நீக்கி அப்புறப்படுத்த வேண்டும். தோண்டிய குழிகளை மூடிச் சமன்படுத்த வேண்டும். பிணைத்தொகையில் பாதி, அடுத்த மழைக்காலம் முடிந்து மறுதுளிர்ப்பு இல்லை என்று ஊராட்சி பார்வையிட்ட பிறகே திருப்பித் தரப்படும்.’ இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் முதல் இரண்டு வரியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இப்படி எழுதினால் ஏலத்தொகை குறையும். பொக்லைன் வாடகை, கூடுதல் கூலி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தானே கேட்பார்கள். ‘ஊராட்சிக்கு வருமானம் போகிறதே’ என்று உங்கள் ஊரிலேயே சிலர் சொல்லுவார்கள். அவர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை முள் ஏலம் என்று வரவுக் கணக்கில் ஏறிவிட்டால், முள் அழியாமல் இருப்பதே ஊராட்சிக்கு லாபம் என்று ஆகிவிடும். எனக்குப் பயம் அதுதான். நிறைய ஊர்களில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. கண்மாயில் தண்ணீர் நின்றால் மீன்பாசி ஏலம் வரும், கரையில் புளியும் பனையும் நின்றால் மகசூல் ஏலம் வரும், எல்லாவற்றுக்கும் மேலே வயலுக்குத் தண்ணீர் போகும். ஒரு தடவை குறைகிற தொகையை இவற்றோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கே சொல்வது என்று கேட்பீர்கள். கிராம சபையில்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் தினம், கோடைக்கு முன்னால் வரும் கூட்டம். வேர் எடுக்கிற வேலையை வைகாசி, ஆனியில் கண்மாய் வறண்டு கிடக்கும்போது செய்ய வேண்டியிருப்பதால் தீர்மானத்துக்கு அதுவே தோதான நாள். தலைவர் பதவி காலியாக இருந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மனு கொடுக்கப் போனால் ‘இது எங்கள் கண்மாய் இல்லை’ என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் சொல்கிறார்கள். யாரிடம்தான் கொடுப்பது?
– வாசகர், இளையான்குடி வட்டாரம்

ஆயக்கட்டை, அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பைப் பாருங்கள். நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு என்றால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய். அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. ஊரணி, குட்டை பெரும்பாலும் ஊராட்சி. நிலத்தின் வகை தெரிய கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் புல எண்ணைப் பாருங்கள்.

மனுவில் ‘எங்கள் ஊர்க் கண்மாய்’ என்று மட்டும் எழுதினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். புல எண், பரப்பு, ஆயக்கட்டு மூன்றையும் முதல் வரியில் எழுதுங்கள். மரத்துக்கு மதிப்புக் கணித்துத் தருவது வனத்துறை. புறம்போக்கு என்பதால் வருவாய்த்துறையின் சம்மதமும் வேண்டும். இந்த இரண்டு காகிதம் வருவதற்குள் மழைக்காலம் தொடங்கிவிடும் என்பதால்தான் மார்ச்சிலேயே தீர்மானம் போடச் சொல்கிறேன்.

இன்னொன்று. 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் பல கண்மாய்களுக்குள் நாட்டுக் கருவேலம் நட்டார்கள். அது வனத்துறை வளர்த்த மரம், ஊருக்கும் பங்கு உண்டு. முள் எடுக்கிற சாக்கில் அதையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போன இடங்கள் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பது சுலபம். நாட்டுக் கருவேலம் மஞ்சள் பந்து மாதிரிப் பூக்கும், அதன் நெற்று மணி கோத்த மாலை மாதிரி விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்கு வெளிர் மஞ்சளாகத் தொங்கும், நெற்று வைக்கோல் நிறத்தில் தட்டையாக இருக்கும், கடித்தால் இனிக்கும். எடுக்கக் கூடாத மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பனை வடலிகளுக்கும் அப்படியே. பொக்லைன் ஓட்டுகிறவருக்குப் புதருக்குள் நிற்கும் வடலி தெரியாது.

சீமைக் கருவேலம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, நிலத்தடி நீரை விஷமாக்குகிறது, அதைத் தின்னும் மாடு மலடாகிறது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
– வாசகி, அருப்புக்கோட்டை

இல்லை அம்மா. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. நீரை விஷமாக்குகிறது என்பதும் அப்படித்தான். மாடு மலடாவதில்லை. ஆனால் வேறு தீவனம் இல்லாமல் நெற்றையே மாதக்கணக்கில் தின்றால் தாடை நரம்பு பாதிக்கும், செரிமானமும் கெடும்.

வேர் ஆழமாகப் போவது உண்மை. அமெரிக்காவில் அரிசோனாவில் ஒரு சுரங்கம் வெட்டியபோது இந்த இனத்து மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பொய்களால் வந்த கஷ்டம் ஒன்று உண்டு. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி தென் மாவட்டங்களில் ஊர் ஊராக மரம் வெட்டினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், அறிவியல் அடிப்படை சரிதானா என்ற கேள்வி எழுந்து, சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. பாதி வெட்டிய கண்மாய்கள் அப்படியே நின்றன. பாதி வெட்டு என்றால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். 2022-இல்தான் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. ஆகவே மனுவில் வாட்ஸ்அப் செய்தியைச் சேர்க்காதீர்கள். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது, மடைக்குத் தண்ணீர் வரவில்லை, கண்மாய்க்குள் ஆள் நடக்க முடியவில்லை என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

நாங்கள் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறோம். வேலிக்காத்தானை ஒழி என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதை ஒழித்தால் நாங்கள் எங்கே போவது?
– வாசகி, கமுதி வட்டாரம்

அம்மா, இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் இரண்டு முறை படித்தது உங்களுடையதைத்தான்.

இந்த மரத்தை நீங்கள் கொண்டுவரவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில், 1870களில், வறண்ட நிலத்துக்கு விறகு வேண்டும் என்று வனத்துறை விதை வரவழைத்து அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பக்கம் நட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு இராமநாதபுரம் சீமையில் விறகுக்கும் வேலிக்கும் என்று தூவினார்கள். வேலியைக் காத்ததால்தான் வேலிக்காத்தான் என்று பேர் வந்தது. மழை பொய்த்த வருடங்களில் எத்தனையோ குடும்பத்தில் அடுப்பு எரிந்ததும், கஞ்சி வெந்ததும் இந்த முள்ளால்தான். அதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயம் இல்லை.

நான் கேட்பது நீர்நிலைகளை. கண்மாய், ஊரணி, வரத்துக்கால் இவற்றில் இது இருக்கக் கூடாது. தரிசாகக் கிடக்கும் பட்டா நிலத்தில் சொந்தக்காரர் விறகுக்கு வைத்திருந்தால் அது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒரே உத்தரவு போடுவதை நான் ஏற்கவில்லை.

மூட்டம் போடுகிறவர்களுக்குத் தெரிந்த வேலை ஒன்று கண்மாய்க்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. விறகு அடுக்கி, செத்தை போர்த்தி, மண் பூசி, புகையின் நிறம் பார்த்தே உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று சொல்கிறவர்கள் நீங்கள். தூர்க்கட்டை தரும் கரி எவ்வளவு கெட்டி என்று உங்களுக்குத் தெரியும். ஏலம் எடுக்கும் வெளியூர் வியாபாரிக்குத் தூர் தொந்தரவு, உங்களுக்கு அது சரக்கு. உங்கள் பெண்கள் சுய உதவிக் குழுவின் பெயரில், ‘தூர் எடுக்கும் பணியை எங்களுக்குக் கொடுங்கள், எடுத்த கட்டையை எங்களுக்கே விடுங்கள்’ என்று கிராம சபையில் கேளுங்கள். ஒரு கண்மாய் முடிய இரண்டு மூன்று கோடை ஆகும். அது முடிந்தால் பக்கத்து ஊரில் இன்னொரு கண்மாய் இருக்கிறது. ஊராட்சி எழுத்தர்கள் யாராவது இதைப் படித்தால், இந்தத் தீர்மானத்தை எழுத இந்த அம்மாவுக்கு உதவி செய்யுங்கள்.

பக்கத்து வீட்டுமனை வெளிநாட்டில் இருப்பவருடையது. முழுக்க முள். பாம்பு வருகிறது, ஒரு மரம் தெருப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. நகராட்சியில் வாய்மொழியாகச் சொன்னேன், பலனில்லை.
– வாசகர், மானாமதுரை

வாய்மொழியாகச் சொன்னதற்குப் பதிவு இல்லை. நகராட்சி ஆணையருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, சுகாதாரக் கேடு விளைவிக்கும் இடத்தைச் சுத்தம் செய்ய உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுக்கலாம். அவர் செய்யாவிட்டால் தாங்களே செய்து செலவை அவரிடம் வசூலிக்கவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. மனையின் வரி விவரம் அவர்களிடமே இருக்கும்.

சாய்ந்த மரத்துக்கு வழி தனி. கோட்டாட்சியரிடம் போங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 133ஆம் பிரிவு என்று சொன்னால் அங்கே எல்லாருக்கும் தெரியும், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் அது 152ஆம் பிரிவு. விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்ற அதில் உத்தரவிடலாம். நீங்களே உள்ளே போய் வெட்டாதீர்கள், அத்துமீறல் வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

சப்பாத்திக் கள்ளியைப் பூச்சி விட்டு அழித்தார்கள் என்று தாத்தா சொல்கிறார். சீமைக் கருவேலத்துக்கும் ஒரு பூச்சி விட முடியாதா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

தாத்தா சொல்வது சரி தம்பி. 1795-இல் சாயம் எடுக்கலாம் என்று கொண்டுவந்த ஒரு செதிள்பூச்சி ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்து 1836 வாக்கில் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். களையை அழிக்கப் பூச்சியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனதில் உலகத்திலேயே முதல் முயற்சிகளில் ஒன்று அது. மிச்சமிருந்த இன்னொரு வகைக் கள்ளியை 1926-இல் வந்த வேறொரு பூச்சி முடித்தது. காடு காடாகக் கிடந்த சப்பாத்தி சில வருடத்தில் வெள்ளைப் பஞ்சு படிந்து சரிந்துபோனதாம்.

சீமைக் கருவேலத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் 1987-இல் நெற்றைத் துளைக்கும் வண்டை விட்டார்கள். அது விதையைக் குறைக்கும், நிற்கிற மரத்தை ஒன்றும் செய்யாது. நமக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. கோயில்களில் தலமரமாக நிற்கும் நம் வன்னி, சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. பூச்சிக்கு அந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். இந்த முடிவை ஊராட்சியோ மாநிலமோ கூடத் தனியாக எடுக்க முடியாது, பல வருட ஆய்வு வேண்டும். அதுவரை கடப்பாரைதான்.

எங்கள் கண்மாயில் சீமைக் கருவேலத்தில்தான் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. ஊரார் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஆசிரியர், முதுகுளத்தூர் வட்டாரம்

ஐயா, உங்கள் பக்கத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த பறவைச் சரணாலயங்கள். அங்கேயும் நாட்டுக் கருவேலத்தோடு சீமைக் கருவேலத்திலும் பறவைகள் கூடு வைக்கின்றன. சரணாலய எல்லைக்குள் வனத்துறை தவிர யாரும் கை வைக்கக் கூடாது.

உங்களுடையது சாதாரண ஊர்க் கண்மாய் என்றால், குஞ்சு பறந்து போகும்வரை அந்தத் திட்டுப் பக்கம் போகவே வேண்டாம். கோடையில் முதலில் வரத்துக்கால், பிறகு மடை, மிகைநீர் வழியும் கலுங்கு, அதன் பிறகு நீர்ப்பிடிப்பு என்ற வரிசையில் வேலை நடக்கட்டும். கூடு உள்ள திட்டைக் கடைசியாக வையுங்கள். இப்போதே அதன் பக்கத்தில் மண்மேடு போட்டு நாட்டுக் கருவேலம் நடுங்கள். அது கிளை விரித்துப் பறவைகள் மாறி உட்கார ஏழெட்டு வருடம் ஆகலாம். அதுவரை அந்தத் திட்டு நிற்பதால் கண்மாய்க்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. ஏல வரைபடத்தில் அந்த இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு ‘நீங்கலாக’ என்று எழுதச் சொல்லுங்கள்.

நகராட்சி சாலை நடுவில் வைத்த கோனோகார்பஸ் மரம் கெடுதல் என்கிறார்களே?
– வாசகர், பரமக்குடி

ஆமாம். குஜராத் 2023-இல் அதை நடத் தடை விதித்தது, தமிழ்நாடு 2025 தொடக்கத்தில். சீக்கிரம் பச்சையாகத் தெரியும் என்பதற்காகப் பல உள்ளாட்சிகள் ஆயிரக்கணக்கில் வாங்கி நட்டுவிட்டன. இனி கன்று வாங்கும் தீர்மானங்களில் மரத்தின் பெயரைத் தமிழில் எழுத வேண்டும் என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் சொல்லுங்கள். புங்கன், பூவரசு, நீர்மருது, இலுப்பை என்று பெயர் இருந்தால் கவுன்சிலில் இருக்கும் எல்லாருக்கும் என்ன வாங்குகிறோம் என்று தெரியும்.

போன வருடம் எங்கள் ஊரணியில் வேரோடு எடுத்தோம். ஆனாலும் மழைக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் முளைத்துக் கிடக்கிறது. வேலை வீணா?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், சாயல்குடி வட்டாரம்

வீணில்லை அம்மா. அவை தூரிலிருந்து வந்த துளிர் அல்ல, விதையிலிருந்து வந்த நாற்று. விதை மண்ணில் பல வருடம் உறங்கும். ஆடு மாடு நெற்றைத் தின்று புழுக்கையிலும் சாணியிலும் போடுவதாலும் வரும். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், வேர் ஒற்றை நூலாக வந்தால் நாற்றுதான். முழங்கால் உயரத்துக்கு வருவதற்குள், மண் ஈரமாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். கார்த்திகைக்குள் ஒரு தடவை, தை பிறந்து ஒரு தடவை. தொடர்ந்து மூன்று வருடம் விடாமல் செய்ய வேண்டும். ஊரணி சிறியது என்றால் காலையில் பத்துப் பேர் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். நெற்று காய்க்கும் மாதங்களில் ஆட்டுக் கிடையை ஊரணிப் பக்கம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெற்றைத் தீவனமாகக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் இடித்து மாவாக்கிக் கொடுக்கட்டும், விதை உடைந்துவிடும்.

பிடுங்கிய நாற்றைக் கரையில் குவித்து வைக்காதீர்கள். வேரில் மண் ஒட்டியிருந்தால் அடுத்த மழைக்கு அங்கேயே பிடித்துக்கொள்ளும். உதறி, வெயிலில் பரப்பிவிடுங்கள்.